கூலி பேசும் உரிமை ஆசிரியருக்கு மட்டும் இல்லையா?

நடவுக் காலத்தில் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கழனிகளைக் கவனித்தவர்களுக்கு இது தெரிந்த செய்திதான். சேற்றில் கால் வைப்பதற்கு முன்பே நம் பெண்கள் கூலியைப் பேசி முடித்துவிடுவார்கள். கும்பலில் மூத்தவர் ஒருவர் வரப்பில் நின்று பேசுவார். மற்றவர்கள் அவர் பின்னால் நிற்பார்கள். ஏக்கருக்கு இவ்வளவு, இடையில் டீ, வேலை முடிந்ததும் பணம் என்று ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். ஒருத்தி மட்டும் குறைந்த கூலிக்கு இறங்கினால், மறுநாள் முதல் எல்லோருக்கும் அதுவே கூலியாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தொழிற்சங்க மொழியில் இதற்குப் பெயர் கூட்டுப் பேர உரிமை. வேலை செய்பவர்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் சார்பில் பேச ஆளைத் தேர்ந்தெடுத்து, வேலை கொடுப்பவரோடு சமமாக உட்கார்ந்து, சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் பேசி முடிவு செய்வது. பேசி முடித்ததை இரு தரப்பும் மீறக் கூடாது. அவ்வளவுதான்.

இந்தப் பெண்களின் மகள் படிக்கிறாள். வீட்டில் முதல் பட்டதாரி. பி.எட். முடிக்கிறாள், தகுதித் தேர்வும் எழுதுகிறாள். நிரந்தர வேலை வரவில்லை. பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்கிறாள். அவளுக்கு என்ன சம்பளம் என்று யாரும் அவளிடம் பேசுவதில்லை. இவ்வளவு என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான். எப்போது உயரும், எப்போது நிற்கும் என்பதையும் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். கழனியில் நிற்கும் தாய்க்கு இருக்கும் பேரம் பேசும் வலு, கரும்பலகை முன்னால் நிற்கும் மகளுக்கு இல்லை. இது எப்படி நேர்ந்தது, இதை எப்படி மாற்றுவது என்பதை இந்த வாரம் பேசுவோம்.

பெயர் பல, நிலை ஒன்று

பகுதிநேர ஆசிரியர், தொகுப்பூதிய ஆசிரியர், மதிப்பூதிய ஆசிரியர், பி.டி.ஏ. டீச்சர், பள்ளி மேலாண்மைக் குழு ஆசிரியர் என்று இவர்களுக்குப் பல பெயர்கள். கல்லூரிக்குப் போனால் கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும் கௌரவம் இருக்கிறது.

பகுதிநேர ஆசிரியர்களின் கதையை எடுத்துக்கொள்வோம். 2011 நவம்பரில் வந்த அரசாணை 177-இன்படி, 2012-இல் 16,549 பேர் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி போன்ற பாடங்களுக்கு வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். அது 2014-இல் 7,000 ஆகி, 2017-இல் 7,700 ஆகி, 2021-இல் 10,000 ஆகி, 2024-இல் 12,500 ரூபாய்க்கு வந்தது. மே மாதச் சம்பளம் கொடுங்கள் என்பது அவர்களின் பழைய கோரிக்கை. வீட்டு வாடகையும் அரிசிக் கடைப் பாக்கியும் கோடை விடுமுறை எடுத்துக்கொள்வதில்லையே!

அடுத்து, நிரந்தர ஆசிரியர் இல்லாத இடத்தில் பதிலுக்கு அமர்த்தப்படுபவர்கள். 2022 ஜூனில், 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பப் பள்ளிக் கல்வித் துறை உத்தரவிட்டது. இடைநிலை ஆசிரியர் 4,989, பட்டதாரி ஆசிரியர் 5,154, முதுகலை ஆசிரியர் 3,188. சம்பளம் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய். பலரும் எதிர்த்தார்கள், வழக்குகள் வந்தன, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது, நெறிமுறைகள் திருத்தப்பட்டன. பின்னர் சம்பளம் 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது.

ஒரு சின்னக் கணக்கு. 7,500 ரூபாயை மாதம் 26 வேலை நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 288 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி 281 ரூபாய். ஏரியில் மண் வெட்டும் வேலை தாழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து வந்தவருக்கு அதைவிட 7 ரூபாய்தான் கூடுதலாகத் தர முடியும் என்று முடிவு செய்தது யார் என்பதே நம் கேள்வி. அதே வகுப்பில் அதே பாடத்தை நடத்தும் நிரந்தர இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 36,400 ரூபாய். படிகள் இதில் சேரவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் யார்?

பேரம் பேச வேண்டுமென்றால் எதிரே ஒருவர் உட்கார வேண்டும். தற்காலிக ஆசிரியரின் முதல் சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய அளவில் இடம் வேண்டும். நல்ல சட்டம்தான். கூலி வேலைக்குப் போகும் நம் தாய்மார்கள் பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது இந்தச் சட்டத்தால்தான். ஆனால் அந்தக் குழுவையே தற்காலிக ஆசிரியரின் நியமன அதிகாரியாகக் காட்டும்போது நடப்பது வேறு.

நம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கும் ஓர் அக்காவிடம் கேட்டோம்: “உங்க டீச்சருக்கு எவ்ளோ சம்பளம்னு யாருக்கா முடிவு பண்றது?” அவர் சிரித்துவிட்டார். “நான் இன்னா முடிவு பண்றது? தீர்மான நோட்டுல கையெழுத்து போடச் சொல்றாங்கோ, போடறேன். எனக்கே நூறு நாள் வேலையில கூலி எப்ப ஏறும்னு தெரியல. பாவம், அந்தப் பொண்ணு எங்கிட்ட கேட்டா நான் எங்க போவேன்?”

பணத்தை ஒதுக்குவது சென்னை, தொகையை முடிவு செய்வதும் சென்னை. கையெழுத்து மட்டும் சேரியிலிருந்து. ஆசிரியை சம்பளம் கேட்டால் தலைமை ஆசிரியரைக் காட்டுவார்கள். தலைமை ஆசிரியர் குழுவைக் காட்டுவார். குழு கல்வி அலுவலரைக் காட்டும். அலுவலரோ இது தற்காலிக ஏற்பாடுதானே என்பார். இப்படி ஆளுக்கு ஆள் கைகாட்டிவிடும் ஏற்பாட்டில் முதலாளி யார் என்றே தெரியாமல் போகிறது. முதலாளி தெரியாத இடத்தில் யாரிடம் பேசுவது?

தொழிற்சாலையில் காண்ட்ராக்டர் மூலம் ஆள் எடுப்பதையும் நகராட்சியில் தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். அங்கே நடுவில் ஒரு காண்ட்ராக்டர் நிற்பார். இங்கே நடுவில் நிறுத்தப்பட்டிருப்பவர் நம் அக்கா.

பள்ளி தொழில், ஆசிரியர் தொழிலாளி இல்லை

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

தொழிலாளர்கள் கூட்டாகப் பேசுவதற்கும், பேச்சு முறிந்தால் தொழிலாளர் துறைக்கும் தீர்ப்பாயத்துக்கும் போவதற்கும் வழி வகுத்தது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம். 1978-இல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில், நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இடம்பெற்ற ஏழு நீதிபதிகள் அமர்வு ‘தொழில்’ என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் தந்தது. கல்வி நிறுவனமும் அதற்குள் வரும் என்றது. ஆசிரியர்களுக்குக் கதவு திறந்துவிட்டது போலத் தோன்றியது.

ஆனால் 1988-இல் சுந்தராம்பாள் எதிர் கோவா அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், பள்ளி ஒரு தொழில்தான், ஆனால் ஆசிரியர் அந்தச் சட்டப்படி ‘தொழிலாளி’ அல்ல என்று தீர்ப்பளித்தது. உடலுழைப்பு, எழுத்தர் வேலை, தொழில்நுட்ப வேலை, மேற்பார்வை என்று சட்டம் அடுக்கும் எந்த வகையிலும் கற்பித்தல் அடங்காது, அது அதைவிட உயர்ந்த பணி என்பது நீதிமன்றத்தின் விளக்கம். ஆகவே பள்ளியில் எழுத்தர் வேலை பார்ப்பவர் தகராறு எழுப்பலாம், அங்கேயே பாடம் நடத்தும் ஆசிரியர் எழுப்ப முடியாது. உயர்ந்த பணி என்று சொல்லியே உரிமை மறுக்கப்பட்டது. ஆசிரியர்களின் தகராறுகளைத் தீர்க்கத் தனியாக ஒரு வழி வேண்டும் என்ற கவலையை அதே தீர்ப்பு வெளியிட்டதையும் சொல்ல வேண்டும். தற்காலிக ஆசிரியருக்கு அப்படியொரு வழி இன்னும் அமையவில்லை.

பழைய சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 51 விழுக்காடு தொழிலாளர்களின் ஆதரவு உள்ள சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்க வேண்டும் என்கிறது. ‘தொழிலாளி’ யார் என்ற விளக்கத்தில் பத்திரிகையாளர்களையும் விற்பனைப் பிரதிநிதிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆசிரியர் என்ற சொல் அங்கே இல்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(இ) பிரிவு, சங்கம் அமைக்கும் உரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. ஆனால் சங்கம் அமைக்கும் உரிமைக்குள் கூட்டுப் பேர உரிமையும் வேலைநிறுத்த உரிமையும் தாமாகவே அடங்கிவிடாது என்று 1961-இலேயே வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது சுமார் 1.7 லட்சம் பேர் ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்யப்பட்டது நம் நினைவில் இருக்கிறது. அந்த வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்று தீர்ப்பு வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் கீழே நிற்பவர் தற்காலிக ஆசிரியர். அரசு ஊழியருக்குரிய சம்பளத்தைக் கேட்டால் நீ அரசு ஊழியர் இல்லை என்கிறார்கள். தொழிலாளிக்குரிய தீர்ப்பாயத்தைக் கேட்டால் நீ தொழிலாளி இல்லை என்கிறார்கள். ஊர் என்றும் இல்லை, சேரி என்றும் இல்லை என்று நடுத்தெருவில் நிறுத்தும் இந்த வித்தை நமக்குப் புதிதல்ல.

யாருக்கு எதிராக யார்?

2019 ஜனவரி 22 முதல் ஜாக்டோ-ஜியோ அமைப்பு காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பழைய ஓய்வூதியத் திட்டம் முக்கியக் கோரிக்கை. அப்போது அரசு என்ன செய்தது? போராடும் ஆசிரியர்களுக்குப் பதிலாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கப்போவதாக அறிவித்தது. முதலில் 7,500 ரூபாய் என்றார்கள், பிறகு 10,000 என்றார்கள். கல்வி அலுவலகங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஜனவரி 30 அன்று போராட்டம் முடிவுக்கு வந்தது.

அன்று விண்ணப்பத்தோடு வரிசையில் நின்ற இளைஞர்களைக் கருங்காலி என்று திட்டியவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். பத்தாண்டு படித்துக் காத்திருந்தவனுக்கு அந்த 10,000 ரூபாய் என்னவென்று அவன் வீட்டு அடுப்புக்குத் தெரியும். நாம் கேட்பது வேறு. அந்த வரிசையில் நின்றவர்களை அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் எந்த ஆசிரியர் சங்கம் தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது? அவர்கள் கோரிக்கை எத்தனை சாசனங்களில் முதல் வரியாக இருந்தது?

குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் வரை நிரந்தர ஆசிரியரின் உரிமையும் பத்திரமாக இருக்காது. நடவுக் கும்பலுக்குத் தெரிந்த இந்த உண்மை பெரிய சங்கங்களுக்கும் தெரியாததல்ல. தற்காலிக ஆசிரியரை உள்ளே அழைப்பது நிரந்தர ஆசிரியர் செய்யும் தர்மம் அல்ல. தன் வீட்டுக் கூரையைத் தானே சரிசெய்துகொள்ளும் வேலை அது.

இது ஏன் நம் பிரச்சினை?

ஆசிரியர் சம்பளத்தைப் பற்றி இந்தப் பகுதியில் ஏன் எழுதுகிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். மூன்று காரணங்கள்.

ஒன்று, இடஒதுக்கீடு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. இனச்சுழற்சி முறையில் நிரந்தர நியமனம் நடந்தால் இது கணக்கில் வரும். ஆனால் ஒரு பள்ளியில் ஓர் இடம், இன்னொரு பள்ளியில் ஓர் இடம் என்று தனித்தனியாக ஆள் எடுத்தால் இனச்சுழற்சி எங்கே சுழலும்? 45 நாளுக்கு மேல் நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் இடஒதுக்கீடு வேண்டும் என்பது மத்திய அரசு தன் துறைகளுக்கு விதித்திருக்கும் நெறி. ஒரு கல்வியாண்டு முழுக்க நீடிக்கும் நியமனத்துக்கு இங்கே அந்த நெறி ஏன் இருக்கக் கூடாது?

இரண்டு, பிள்ளைகள். அரசுப் பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் நம்பியிருப்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகளும் மற்ற ஏழைகளின் பிள்ளைகளும்தான். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறினால், நடுவில் வேறு வேலை கிடைத்து அவர் போய்விட்டால், பாதிப் பாடத்தோடு நிற்பது நம் பிள்ளை. ஆசிரியரின் வேலை நிலையாக இருந்தால்தான் பிள்ளையின் படிப்பும் நிலையாக இருக்கும்.

மூன்று, வரலாறு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று இன்று நாம் சொல்பவற்றில் பழையவை, வெள்ளைக்காரர் காலத்துச் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை தொடங்கி நடத்தியவை. லேபர் ஸ்கூல் என்றே அவற்றுக்குப் பெயர். தீண்டப்படாதோர் நலனை 1920-ஐ ஒட்டிய காலத்தில் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். 1949-இல்தான் அரிசன நலத் துறை தனியாக வந்தது. தொழிலாளர் துறையின் மடியில் பிறந்த பள்ளிகளில் பாடம் நடத்துபவரைத் தொழிலாளி இல்லை என்று சொல்வது எவ்வளவு விந்தை!

பேசி வாங்குவது நம் மக்களுக்கு யாரும் கற்றுத்தந்த வித்தையும் அல்ல. கீழத் தஞ்சையில் பண்ணையாள்கள் சங்கமாகத் திரண்டதால்தான் 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்றதற்காகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்களைத் தீயில் இழந்தோம். அதற்கு அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூட்டுப் பேர உரிமைக்கு நம் மக்கள் கொடுத்த விலை அது.

அண்ணல் அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தின் தந்தையாகப் பாடப் புத்தகத்தில் படிக்கும் மாணவர்கள், தொழிலாளர் தலைவராகவும் அவரைப் படிக்க வேண்டும். 1938-இல் வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் தொழில் தகராறு மசோதா பம்பாய்ச் சட்டமன்றத்துக்கு வந்தபோது அவர் கடுமையாக எதிர்த்துப் பேசினார். விருப்பமில்லாத வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை இல்லையென்றால் அது அடிமைத்தனம் என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி, கம்யூனிஸ்டுகளோடு கைகோத்து அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று பொது வேலைநிறுத்தம் நடத்தியது. பிறகு வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1943 நவம்பரில், தொழிற்சங்கத்தை முதலாளி கட்டாயமாக அங்கீகரிக்க வேண்டும் என்ற திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த நோக்கத்தில் 1947-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. அண்ணல் விட்டுச் சென்ற பாக்கிகளில் அதுவும் ஒன்று.

பேசி வாங்கியவை நிற்கின்றன

கூட்டாகக் கேட்டால் கிடைக்குமா? கிடைத்திருக்கிறது. 2003-க்குப் பிறகு இடைநிலை ஆசிரியருக்கு 3,000, பட்டதாரிக்கு 4,000, முதுகலைக்கு 4,500 ரூபாய் என்று தொகுப்பூதியத்தில் நியமித்தார்கள். சங்கங்கள் விடாமல் குரல் கொடுத்தன, தேர்தலில் அது பேசுபொருளானது, 2006 ஜூன் 1 முதல் அவர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். பணிக்கொடைச் சட்டத்தின்படி ஆசிரியர் ‘ஊழியர்’ இல்லை என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997-இலிருந்தே பொருந்தும்படி ஆசிரியர்களை உள்ளே கொண்டுவந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஒரு சொல்லின் விளக்கத்தைத் திருத்தினால் லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கை மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே வேலை செய்யும் தற்காலிக ஊழியருக்கும் அந்தப் பதவிக்குரிய குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பத்தாண்டு முன்பு, உமாதேவி வழக்கில், நிரந்தரமாக்கு என்று தற்காலிக ஊழியர் உரிமையாகக் கேட்க முடியாது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. வழக்கு தேவைதான். ஆனால் வழக்கில் ஒவ்வொருவரும் தனியாக நிற்கிறோம். வக்கீல் ஃபீஸ், ஆண்டுக்கணக்கில் வாய்தா, வென்றாலும் மேல்முறையீடு. 12,000 ரூபாய் சம்பளக்காரர் எத்தனை முறை சென்னைக்குப் பஸ் ஏறுவார்?

2023 செப்டம்பர் கடைசியில் பகுதிநேர ஆசிரியர்கள் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் போராடினார்கள். பேச்சுவார்த்தை நடந்தது. அக்டோபர் தொடக்கத்தில் 2,500 ரூபாய் உயர்வை அமைச்சர் அறிவித்தார். நிரந்தரமாக்க வேண்டும் என்று அங்கேயே இருந்தவர்களைப் போலீசார் அப்புறப்படுத்தினார்கள். ஆக, பேச்சுவார்த்தை நடக்கவே நடக்காது என்பதில்லை. தெருவில் உட்கார்ந்த பிறகுதான் நடக்கிறது. முடிவு ஒப்பந்தமாக வராமல் அறிவிப்பாக வருகிறது. ஒப்பந்தம் என்றால் கேள்வி கேட்கலாம். அறிவிப்புக்கு நன்றி மட்டும்தான் சொல்ல முடியும்.

ஆசிரியர்கள் போராடினால் பிள்ளைகள் படிப்பு கெடாதா என்று பெற்றோர் கேட்பது நியாயம். கூட்டுப் பேரம் என்றால் வேலைநிறுத்தம் என்று பொருளில்லை. பேச இடம் இல்லாதபோதுதான் வேலைநிறுத்தம் வருகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1966 முதல் கூட்டு ஆலோசனை அமைப்பு இருக்கிறது. ஊழியர் தரப்பும் அரசுத் தரப்பும் அதில் உட்கார்ந்து பேசுகின்றன. சம்பளம், வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றில் உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போகலாம். அதே 1966-இல், அக்டோபர் 5 அன்று, யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஆசிரியர் நிலை குறித்த பரிந்துரையை ஏற்றன. உலக ஆசிரியர் தினம் அந்த நாளில்தான் கொண்டாடப்படுகிறது. ஆசிரியரின் சம்பளமும் பணி நிபந்தனைகளும் ஆசிரியர் அமைப்புகளோடு பேச்சுவார்த்தை நடத்தியே முடிவாக வேண்டும் என்கிறது அந்தப் பரிந்துரை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஒரு நாள் இரண்டு நாள் பதிலுக்கு வரும் ஆசிரியருக்காகவும் ஆசிரியர் சங்கமே பேசி ஒப்பந்தம் போடுகிறது. இந்தியாவோ சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேர உரிமை பற்றிய 87, 98-ஆம் எண் சர்வதேச உடன்படிக்கைகளை இன்னும் ஏற்கவில்லை.

என்ன கேட்போம்?

முதலாவது, தற்காலிக ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் நியமன ஆணை வேண்டும். அதில் வேலை கொடுப்பவர் துறைதான் என்று தெளிவாக இருக்க வேண்டும். மேலாண்மைக் குழு தேர்வில் பங்கெடுக்கட்டும், முதலாளி வேடம் அதற்கு வேண்டாம்.

இரண்டாவது, மாவட்டத்திலும் மாநிலத்திலும் ஒரு கூட்டுக் குழு. தற்காலிக ஆசிரியர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு பக்கம், துறை அதிகாரிகள் மறுபக்கம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும். உடன்பாடு எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் நடுவர்.

மூன்றாவது, மே மாதச் சம்பளம், வைப்பு நிதி, மகப்பேறு விடுப்பு. நிரந்தர ஆசிரியைக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு இருக்கிறது. தற்காலிக ஆசிரியைக்குப் பிரசவம் என்றால் வேலையே போய்விடும் என்ற நிலை கூடாது. மஸ்டர் ரோலில் வேலை செய்யும் பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லியிருக்கிறது.

நான்காவது, மாவட்டம் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு தற்காலிக நியமனத்திலும் இனச்சுழற்சி.

ஐந்தாவது, சங்கத்தில் சேர்ந்ததற்காக அடுத்த ஆண்டு யாரையும் விலக்கக் கூடாது என்ற எழுத்துப்பூர்வமான உறுதி.

தற்காலிக ஆசிரியர்களே, இதற்கெல்லாம் யாரும் வரும் வரை காத்திருக்க வேண்டாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். கீழ்பென்னாத்தூர், வேட்டவலம், சோமாசிபாடி, மேக்களூர் என்று ஊருக்கு இருவர் வந்தால் எட்டுப் பேர் ஆகிவிடுகிறது. சேர்ந்த தேதி, வாங்கிய சம்பளம், நடத்திய வகுப்புகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆணையின் நகல், வருகைப் பதிவேட்டின் நகல் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நாளை பேச்சுவார்த்தையில் அந்த நோட்டுதான் பேசும்.

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. மேலாண்மைக் குழுவில் கையெழுத்து கேட்கும்போது, எங்கள் பள்ளிக்கு நிரந்தர ஆசிரியர் வேண்டும், அதுவரை இருப்பவருக்கு நியாயமான சம்பளம் வேண்டும் என்று ஒரு தீர்மானத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மே 1, உழைப்பாளர் நாள். பகுதிநேர ஆசிரியர் பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் கழித்த மாதம் தொடங்குவதும் அன்றுதான். நம் ஒன்றியத்தின் ஊராட்சிகளில் அன்றைய கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். எழுதித் தரச் சொன்னால், எழுதித் தர நாங்கள் வருகிறோம்.